ஏலக்காட்டில் ஏழு குருவிதானா?

அயர்லாந்தின் மேற்குக் கரையில் நான் வேலை பார்க்கும் சிற்றூருக்குக் குடிவந்த முதல் மாதம், எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் எனக்குச் சல்யூட் அடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போக நான் கதவைத் திறக்கும் நேரத்தில்தான் அவரும் நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். என் வீட்டுப் பக்கம் திரும்புவார். வலது கை நெற்றிக்குப் போகும். விறைப்பான, அழகான சல்யூட். போடிநாயக்கனூரில் நான் பார்த்த சல்யூட்டெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வாசலோடு சரி. ஒரு நர்ஸுக்கு இந்த நாட்டில் இவ்வளவு மரியாதையா என்று மனம் குளிர்ந்துபோய் நானும் பதில் சல்யூட் வைத்தேன். கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, மூன்று வாரம், ஒரு நாள் தவறாமல். விடுமுறை நாள் ஒன்றில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் வாசலில் இல்லாதபோதும் அவர் சல்யூட் அடிக்கிறார் என்று. என் மதில்மேல் கறுப்பும் வெள்ளையுமாக, நீண்ட வாலுடன் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. மேக்பை. ஒற்றை மேக்பையைப் பார்த்தால் துக்கம் வருமாம். மரியாதை செய்துவிட்டால் அது தன் வழியே போய்விடுமாம். அவர் பெயர் டெக்லன், ஓய்வுபெற்ற தபால்காரர். விஷயத்தை விளக்கிவிட்டு, முகம் சிவக்க, "நீயும் மேக்பைக்குத்தான் சல்யூட் வைக்கிறாய் என்று நினைத்தேன், மேரி" என்றார். என் பெயர் மெஹருன்னிசா. மெஹர் என்றுதான் சொல்லியிருந்தேன். அது அவர் காதில் மேரியாக விழுந்து அப்படியே நின்றுவிட்டது.

உங்கள் ஊரில் எந்தப் பறவைக்குச் சல்யூட் என்று கேட்டார். பக்கத்து வீடுகளில் காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ப் பறவைக் குழு கடற்கரைக்குப் போகிறது, வருகிறாயா என்றார். "ஐ வில், யெஸ்" என்றேன். அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. ஆகவே ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மழையில், குடையோடு நான் கார் நிறுத்துமிடத்தில் நின்றதைப் பார்த்து ஒன்பது பேரும் திகைத்துப்போனார்கள். யாரோ எனக்கு ஒரு மழைக்கோட்டு தந்தார்கள், யாரோ முட்டை சாண்ட்விச் தந்தார்கள். மூன்று மணி நேரம் ஒரு கடற்காக்கையைப் பார்த்து, அது இந்த ஊர்க் கடற்காக்கையா, ஐஸ்லாந்திலிருந்து வந்ததா என்று குசுகுசுவென்று வாதாடினார்கள். கடைசிவரை முடிவாகவில்லை. எல்லோரும் 'கிராண்ட்', எல்லாம் சரி, என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகக் கலைந்து போனார்கள். அடுத்த ஞாயிறும் போனேன். நான்கு வருடங்களாகப் போகிறேன்.

ஒரு வெட்கக்கேட்டை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை சமையல்கட்டு ஜன்னலில் தெரியும் வீட்டில் இருபத்திரண்டு வயதுவரை இருந்தவள் நான். அந்த வயதில் எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கை, கோழி, சிட்டுக்குருவி, பருந்து. அவ்வளவுதான். மைனாவைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருந்தேன். அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சாக்குக் கடை. ஏலக்காய் மூட்டைகள் மலையிலிருந்து இறங்குவதும் ஏல மையத்துக்குப் போவதும்தான் எங்களுக்கு மலை. மூட்டை வருகிற இடத்தில் வேறு என்ன இருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. பறவைகளின் பெயரெல்லாம் நான் கற்றது அட்லாண்டிக் மழையில், இங்கிலீஷில். தமிழ்ப் பெயர்களைப் பிறகு புத்தகத்தில் தேடிச் சேர்த்துக்கொண்டேன். தம்பி ஒரு நாள் போனில், "இங்க பஸ் ஸ்டாண்டுகிட்ட செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்காருல்ல அப்பாஸ் அண்ணே, அவரு குருவி பாக்குறதுக்குன்னு ஒரு கூட்டம் சேர்த்திருக்காரு. ஒரே ஒரு பைனாக்குலர வச்சுக்கிட்டுப் பதினோரு பேரு மலைக்குப் போறாங்க" என்று சிரித்தான். அதை டெக்லனிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு என் காரின் பின்சீட்டில் ஆறு பழைய பைனாக்குலர்கள் இருந்தன. ஒன்றின் வார் அறுந்திருந்தது, அதை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

மதுரை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, துணிகளுக்கு நடுவே ஆறையும் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா?" என்றார். பறவை பார்க்க என்றேன். "ஒரு கண்ணுக்கு ஆறா?" என்று கேட்டு அவரே சிரித்து, பெட்டியை மூட உதவியும் செய்தார். ஜனவரி மாதம். ஐந்து வாரம் விடுப்பு. போடிக்கு வந்த மறுநாளே அப்பாஸ் அண்ணன் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரிக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது: 'ஞாயிறு காலை ஐந்தரை. டீக்கடை முன்னால். குருவி பார்க்க வர்றவங்க வரலாம். சாப்பாடு அவங்கவங்க.' அண்ணன் ஒவ்வொரு பைனாக்குலராக எடுத்துத் தெருவுக்கு எதிரே இருந்த பேக்கரியைப் பார்த்தார். ஆறாவதில் பார்த்தபடி, "ஆத்தாடி, பப்ஸுல ஈ உக்காந்திருக்கு மெகரு" என்றார்.

டெக்லன் குழுவில் யாரும் பேச மாட்டார்கள். பளிச்சென்ற நிறத்தில் கோட்டுப் போட்டு வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். ஒருமுறை நான் வாலாட்டிக் குருவியைப் பார்த்த வேகத்தில் தமிழில் "வாலாட்டி!" என்று கத்த, ஏதோ ஆபத்து என்று இரண்டு பேர் தரையில் குனிந்தார்கள். அந்தப் பழக்கத்தோடு, தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப்போகும் செல்வத்தின் ஜீப்பில் ஏறியவளுக்குப் போடிக் குழு பெரிய அதிர்ச்சி. ஓட்டுகிற செல்வத்தையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் இரண்டு பேர், ஒரு தையல்கார அக்கா, கல்லூரிப் பிள்ளைகள், ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்கப் பேச்சு. மலைமேல் போடிமெட்டில் இறங்கியும் பேச்சு. இட்லியை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் கடற்காக்கை விவாதத்தைவிடக் காரமான விவாதம். நடுவில் கண்டக்டர் சாதாரணக் குரலில், "இடப்பக்கம், பலாமரம், மலை மைனா நாலு" என்பார். எல்லோரும் திரும்புவார்கள், பார்ப்பார்கள், மறுபடி இட்லி. பறவைகளும் இந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. நாள் முழுக்க ஆட்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை செய்யும் மலை அது. மௌனமாகப் போயிருந்தால்தான் அவை சந்தேகப்பட்டிருக்கும்.

அப்பாஸ் அண்ணனிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. நான்கு வருடத்துப் பறவைகள் அதில் இருந்தன. தேதி, இடம், பறவை, எத்தனை. சில பக்கங்களில் 'டீ நன்றாக இருந்தது' என்றும் இருந்தது. இதைப் போனில் ஏற்றி வைக்கக்கூடாதா என்று கேட்டேன். "போனு எப்படியெல்லாம் சாகும்னு தெனமும் பாக்குறவன் நானு. நோட்டு சாகாது" என்றார். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இவ்வளவு பார்த்திருக்கிறார்கள், முறையாக எழுதவில்லையே என்று. அயர்லாந்தில் எங்கள் குழு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஃபாரம் நிரப்பும். பரப்பளவு என்ன, யாருடைய நிலம், என்ன பயிர், எத்தனை மரம். அதைத் தமிழில் எழுதி, இருபது பிரதி ஜெராக்ஸ் எடுத்தேன். அந்த வருடக் கணக்கெடுப்பு அடுத்த ஞாயிறு. அண்ணன் ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதெல்லாம் நமக்கு எதுக்கு மெகரு?" என்றார். "செய்யறத முறையாச் செய்யணும்ண்ணே" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. விருந்தாளியாயிற்றே என்று விட்டிருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, சாலையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை வரிசையாகச் சிறு ஏலத்தோட்டங்கள் வழியாகப் போகிறது. நான்கு வருடமாகக் குழு நடக்கும் பாதை. அந்த ஞாயிறு முதல் தோட்டத்தில் பதினான்கு வகை எழுதினோம். மேகம் இறங்கிவிட்டதால் இரண்டாவதில் ஏழுதான். அந்த இரண்டாவது தோட்டத்தின் ஓரத்தில், ஏலச்செடிகளுக்கு நடுவிலிருந்து தலையில் துண்டு கட்டிய ஒருவர் வெளியே வந்தார். பெயர் பால்பாண்டி என்று பின்னால் தெரிந்தது. நான் ஃபாரமும் பேனாவுமாக அவரிடம் போனேன்.

"அண்ணே, இது எத்தன ஏக்கரு?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ஃபாரத்துல எழுதணும். பட்டா யாரு பேர்ல இருக்கு?"

அவர் துண்டை அவிழ்த்தார். "நீங்க எந்த ஆபீஸு? எந்த ஊரு?"

"ஆபீஸெல்லாம் இல்லண்ணே. அயர்லாண்டுல இருந்து வர்றேன்."

"லேண்டுல இருந்தா?"

"ஆமாண்ணே" என்றேன். வெளியூர்ப் பெயரைச் சட்டென்று பிடித்துக்கொண்டாரே என்று எனக்குச் சந்தோஷம்.

"மரத்தையெல்லாம் எண்ணிட்டீங்களோ?"

"எண்ணிட்டோம்ண்ணே. நாப்பத்திரெண்டு."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஏன் என்று புரியவில்லை. வாயில் விரல் வைத்து ஒரு விசில் அடித்தார். மேலிருந்தும் கீழிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்பாஸ் அண்ணன் ஓடிவந்து, "அண்ணே, நாங்க குருவி பாக்க வந்தவங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட செல்போன் கடை வச்சிருக்கேன். நாலு வருசமா இந்த வழியாத்தான் போறோம்" என்றார்.

"குருவி பாக்குறவனுக்குப் பட்டா எதுக்கு?" என்று பால்பாண்டி கேட்டார்.

கேட்டது நியாயமான கேள்வி. சில வருடங்களுக்கு முன் யாரோ இப்படித்தான் வந்து மரங்களை எண்ணிக்கொண்டு போனார்களாம். அதன்பின் இந்தச் சரிவில் இருக்கிறவர்கள் இரண்டு வருடம் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்களாம். அப்பாஸ் அண்ணன் கையிலிருந்த நோட்டைப் பால்பாண்டி வாங்கிக்கொண்டார். பிடுங்கினார் என்று சொல்ல முடியாது. கையை நீட்டினார், அண்ணன் கொடுத்துவிட்டார். "எல்லாத்துக்கிட்டயும் காட்டிட்டுத்தான் தருவோம். இனிமே இந்தப் பாதையில யாரும் வரக்கூடாது."

ஏறி வந்தோம். போடிமெட்டில் அப்பாஸ் அண்ணன் எல்லோருக்கும் டீ சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறங்கும்போது ஜீப்பில் முதல் தடவையாகப் பேச்சில்லை. தையல்கார அக்காதான் கடைசியில், "மெகரு, கோவிச்சுக்காத. நீ பேசுறதே கொஞ்சம் கவர்மெண்டு மாதிரித்தான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளிக்கப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அயர்லாந்தில் யாராவது 'நீ எந்த ஊர்' என்று கேட்டால் ஒரு நொடி யோசிக்காமல் போடி என்பவள் நான். போடிமெட்டுச் சரிவில் ஒரு மனிதர் அதையே கேட்டபோது, என் வாயிலிருந்து வந்தது வேறு ஊர்.

செவ்வாய்க்கிழமை காலை செல்வத்தின் ஜீப்பில் தனியாக ஏறினேன். அம்மா, "போன எடத்துல வாயக் குடுக்காம வெரசா வந்துரு" என்று சொல்லி அனுப்பினார். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கி உட்கார இடம் தந்தார்கள். முதல் வளைவுக்குள்ளேயே ஒருத்தி, "நீங்கதான் பைனாக்குலர் அக்காவா?" என்றாள். சரிவு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. சினிமா எடுக்க இடம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று ஒருத்தி கேள்விப்பட்டிருந்தாள். கீழிருந்து மேலே கம்பியில் தொங்குகிற வண்டி விடப்போகிறார்கள் என்று இன்னொருத்தி. குருவி பார்க்கத்தான் வந்தோம் என்று நான் சொன்னதை ஒருத்தியும் நம்பவில்லை. "சும்மா சொல்லுங்கக்கா, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றாள் முதலாமவள்.

பால்பாண்டியின் வீடு தோட்டத்துக்கு நடுவிலேயே இருந்தது. தகரக் கூரை, பக்கத்தில் ஏலக்காய் காயப்போடும் ஸ்டோர். வாசலில் ஒரு பெண் சாக்கை விரித்துக் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். என் வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி. காய்க்குவியலுக்குப் பக்கத்தில் அப்பாஸ் அண்ணனின் நோட்டு திறந்து கிடந்தது, நடுவில் ஒரு பென்சிலோடு.

"அவரு லோடு ஏத்திக்கிட்டுப் போடிக்குப் போயிட்டாரு" என்றாள், நிமிராமலே. "நீங்கதான் மரம் எண்ணுனவுகளா?"

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்கத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களைத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும். இத மொதல்ல சொல்லுங்க. மேல இருக்கிற தோட்டத்துக்குப் பதினாலு போட்டிருக்கீக. எங்க காட்டுக்கு ஏழு. ஏழுதானா?"

நான் குனிந்து நோட்டைப் பார்த்தேன்.

"இங்க இல்லாத எந்தக் குருவி அவுக தோட்டத்துல இருக்கு? அவுக மரத்தக் கழிச்சுக் கழிச்சு மொட்டையா வச்சிருக்காக. அங்க பதினாலாம். நாலு வருச நோட்டையும் பாத்துட்டேன். ஒவ்வொரு வருசமும் எங்களுக்குக் கொறச்சுத்தான் எழுதியிருக்கீக."

இரண்டு நாளாக அவள் அந்த நோட்டை வரி வரியாகப் படித்திருக்கிறாள். படித்ததோடு நிற்கவில்லை, ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தாள். 'வாலாட்டி, ஒன்று, தண்ணித் தொட்டிகிட்ட, தெனமும்.' 'ரெண்டு நூல் வாலன், ஜோடி.' 'மஞ்சச் சட்டைக்காரன்.' 'கட்டை அடிக்கிறவன், செவப்புக் கொண்டை.' கடைசியாக, 'சீட்டிக்குருவி, ஓடையில. இத எப்படி விட்டீங்க?' நான் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். நூல் வாலன் என்றால் துடுப்புவால் கரிச்சான். மஞ்சள் சட்டை மாங்குயில். கட்டை அடிப்பது மரங்கொத்தி. சீட்டிக்குருவி மட்டும் பிடிபடவில்லை.

"வாங்க காட்டுறேன்" என்று எழுந்தாள். பெயர் பேச்சியம்மாள். அடிவாரத்துச் சிலமலைக்காரி. எட்டாவதுவரை படித்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், கத்துகிறது எது, எங்கிருந்து கத்துகிறது என்று தேடித் தேடிப் பார்த்தே இதெல்லாம் தெரிந்துகொண்டாளாம். "கீழ வயல்ல கொக்கும் மடையானுந்தான் எனக்குத் தெரியும். இங்க வந்து ஒரு மாசம் அழுதேன். அப்பறம் இதுகதான்" என்றாள். என் கழுத்திலிருந்த பைனாக்குலரைக் கழற்றிக் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "குருவி பெருசாத் தெரியுது. சத்தம் பெருசாக் கேக்கலயே."

ஓடை ஸ்டோருக்குப் பின்னால் இருபதடி இறக்கத்தில் இருந்தது. ஏலச்செடிகளின் தழை மூடி, பகலிலும் இருட்டு. அவள் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, விரலை நீட்டினாள். நனைந்த கல்லின்மேல் கறுப்பாக ஒன்று நின்றது. அது திரும்பியபோது தழையிடுக்கில் இறங்கிய ஒரு கீற்று வெயில் தோளில் பட்டு, அடர்ந்த நீலம் பளிச்சென்று எழுந்தது. சீகாரப் பூங்குருவி. நான்கு வருடமாகக் குழு இந்தப் பாதையில் போயும் நோட்டில் ஏறாத பறவை. "இப்பம் வாயத் தெறக்காது. மழ பிடிச்சாத்தான் சீட்டி அடிக்கும். ஆளு நின்னு அடிக்கிற மாதிரியே இருக்கும். வந்த புதுசுல எவனோ சீட்டி அடிக்கிறான்னு வெறகுக் கட்டையத் தூக்கிட்டுப் போயிருக்கேன். மேல மலையாளத்துக்காரங்க இத சூளக்காக்கான்னு சொல்றாக, சூளம்னா சீட்டியாம்" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குருவி பறந்துபோனது. அவளும் சிரித்தாள்.

பால்பாண்டி வரும்போது நாங்கள் வாசலில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தோம். ஏலக்காய் விளைகிற வீட்டின் டீயில் ஏலக்காய் இல்லை. அதெல்லாம் விற்கிற சரக்கு என்றாள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. நான் எழுந்து, இருபது ஃபாரத்தையும் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அன்றைக்கு எழுதிய ஒன்றும் அதில் இருந்தது, நாற்பத்திரண்டு என்ற என் கையெழுத்தோடு.

"அண்ணே, நான் லேண்டு ஆபீஸு இல்ல. அயர்லாண்டுங்கிறது ஒரு நாடு. அங்க ஆஸ்பத்திரில நர்ஸு வேல. போடில சாக்குக்கடை வச்சிருந்த காதர் மைதீன் மக."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சாக்குக்கடை அத்தா மகளா? எங்கப்பா அங்கதான சாக்கு எடுப்பாரு." ஒரு பெருமூச்சு விட்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா என்ன ஆத்தா? ஊரு பேரச் சொல்லச் சொன்னா என்னத்தையோ சொல்ற."

பிறகு ஃபாரத்தை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "குருவிய எண்ணுங்க. எத்தன வேணும்னாலும் எண்ணுங்க. ஏக்கரு எழுதாதீங்க, மரம் எழுதாதீங்க."

"எழுத மாட்டோம்ண்ணே."

"ஏழுன்னும் எழுதாதீங்க" என்றாள் பேச்சியம்மாள்.

நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மதிய ஜீப்பில் இறங்கினேன். அப்பாஸ் அண்ணன் யாருடைய போனுக்கோ உள்ளே ஊசியை விட்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். நோட்டைக் கண்ணாடி அலமாரிமேல் வைத்தேன். அவர் அதைத் திறந்து, ஓரத்துப் பென்சில் எழுத்துகளைப் படிக்கப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு வருசமா கடுகு தேடி ஊரெல்லாம் சுத்தியிருக்கோம். அஞ்சறைப்பெட்டி அங்க இருந்திருக்கு" என்றார். பிறகு கடையென்றும் பாராமல் சத்தமாக, "டேய் செல்வம், ஞாயித்துக்கெழம சோலி எதுவும் வச்சுக்காத மாப்ளே, ஜீப்பு நமக்கு வேணும்!" என்று தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அந்த ஞாயிறு மேகம் இல்லை. பேச்சியம்மாள் முன்னால் நடந்தாள். இந்த மரம், இந்த நேரம், இது வரும் என்று அவள் சொல்லச் சொல்ல அது அது வந்தது. சில வராதபோது, "காலையில வந்துட்டுப் போயிருச்சு, எழுதுங்க" என்று சாதித்தாள். பார்க்காததை எழுத முடியாது என்று அப்பாஸ் அண்ணன் மன்றாடினார். கடற்காக்கை வாதம் தோற்றுப்போகும். கடைசியில் இருபத்தொன்று என்று முடிவானது. அதற்குள் மேல் தோட்டத்துக்காரர் வேலியருகே வந்து நின்று, "எங்களுதுல மறுபடி ஒருக்கா எண்ணிப் பாத்துருங்க. அன்னைக்கு வெரசாப் போயிட்டீங்க" என்றார். கீழ்த் தோட்டத்துக்காரர் தன்னிடம் ஆந்தை ஜோடி இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மூடிய பாதை அன்று எங்களை இழுத்துப் பிடித்து உட்காரவைத்து, பகல் இரண்டு மணிக்குத்தான் விட்டது. நைலான் கயிறு கட்டிய பைனாக்குலரைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தோம். ஃபாரங்களின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது என்று அவள் அவற்றைத் தைத்துத் தனக்கென்று ஒரு நோட்டு செய்திருந்தாள்.

விடுப்பு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்பினேன். டெக்லனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டா என்றால் என்ன என்று விளக்க ஒரு மாலை முழுதும் ஆனது. தன் தாத்தா காலத்தில் இங்கும் நிலம் அளக்க வந்தவர்களைக் கண்டால் ஜனங்கள் கதவைச் சாத்துவார்கள் என்றார். பால்பாண்டியை அவருக்கு நன்றாகப் புரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ஃபாரத்தை நிரப்பும்போது, யாருடைய நிலம் என்ற இடத்தில் என் பேனா சற்று நின்றது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. கடற்கரை நடை முடிந்து, மதியம் ஒன்றரை மணிக்குக் குட்டைச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தோம். எதிரே சிவப்புப் பூக்கள் தொங்கும் ஃபூஷியா வேலி. என் மடியிலிருந்த போன் அடித்தது. பேச்சியம்மாள். காற்று இரைந்ததால் ஸ்பீக்கரைப் போட்டேன். "மெகரு, பேசாத, கேளு" என்றாள். அவ்வளவுதான். பிறகு தகரத்தில் மழை விழும் சத்தம். ஓடைச் சத்தம். அதற்கு மேலே, அவசரமே இல்லாமல், மெட்டு ஒன்றைத் தொடங்கிப் பாதியில் மறந்து, வேறிடத்தில் மறுபடி தொடங்குவதுபோல ஒரு சீட்டி.

டெக்லனின் கை சாண்ட்விச்சோடு அந்தரத்தில் நின்றது. என் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் பைனாக்குலரை எடுத்தார்கள். ஒன்பது பேரும் ஃபூஷியா வேலியைப் பார்த்தார்கள். "எங்கே அது?" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. "வலப்பக்கம், நல்லா உள்ளே" என்றார் இன்னொருவர் உறுதியாக. அது இங்கே இல்லை, போனில் இருக்கிறது, போடிமெட்டில் மழை பெய்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன். சீட்டி மறுபடி எழுந்தது. பார்த்தால், என் கையும் பைனாக்குலரைத் தூக்கியிருந்தது. சிவப்புப் பூக்களுக்குக் கீழே இருட்டாக இருந்த இடைவெளியில், ஒரு நீலத் தோள் திரும்புகிறதா என்று நானும் தேடிக்கொண்டிருந்தேன்.